பாலம் எவ்வளவு உயரம்

கன்டெய்னர் எங்கே நிற்கிறது என்று பார்க்கப் போனேன்.
ஓர் எழுத்தைத் தட்டியதும்
தானாக வந்து விழுந்தது முழு வாக்கியம்:
பாலம் தண்ணீரிலிருந்து எவ்வளவு உயரம்.

நேற்றிரவு, மூன்று ஐந்து.
அதற்குக் கீழே, இரண்டு ஐம்பது:
தெற்குக் கால்வாய், இன்றைய நீரோட்டம்.
அதற்கும் கீழே: முதலாளி சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கலாம்.
ஆண்கள் செருப்பு, எட்டாம் நம்பர், மலிவு.

பிறையில் எங்கள் லோரி ஆபீஸ்.
கம்ப்யூட்டர் ஒன்று, ஆள் ஐந்து.
பாஸ்வர்டு கீபோர்டுக்கு அடியில்
மஞ்சள் டேப்பில் ஒட்டியிருக்கிறது,
தவுக்கேயின் முதல் லோரி நம்பர்.
ராத்திரி யார் வந்தது என்று கேட்க முடியாது,
சாவி எல்லாரிடமும் இருக்கிறது.

லோரி கம்பெனிதானே,
பாலத்தின் உயரத்தை யாரும் கேட்கலாம்
என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.
ஏற்றிய சரக்கு மேலே இடிக்குமா என்று
டிரைவர் பார்க்கமாட்டானா?
மேலே இடிப்பதைக் கேட்கிறவன்
கீழே தண்ணீரை ஏன் அளக்கிறான்?

மலாயில் எழுதியிருந்தது. இரண்டு எழுத்துப்பிழை.
பிழையை வைத்து ஆளைப் பிடிக்கலாம் என்றால்
இங்கே பிழையில்லாமல் எழுதுகிறவர் ஒருவரும் இல்லை,
என்னையும் சேர்த்து.

அன்றைக்கு முழுக்க ஆட்களைத்தான் படித்தேன்.
தனசீலன் கோப்பியில் சீனி வேண்டாம் என்றான்.
இனிப்பு நீரா, மனசா?
ஆ லெங் காலண்டரில் ஒரு தேதியை வட்டம் போட்டிருந்தான்.
எட்டிப் பார்த்தேன், ரோட் டேக்ஸ்.
காவலுக்கு நிற்கும் பிஷ்ணு
பூட்ஸைக் கழற்றி வெயிலில் வைத்திருந்தார்.
நம்பர் எட்டா என்று குனிந்தேன்.
ஒன்றும் சொல்லாமல்
பூட்ஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.
நோரஸ்லின் வழக்கம்போல் சிரித்தாள்.
அந்த வழக்கம்போல்தான் பயமாக இருந்தது.

‘பசியாறியாச்சா?’
எல்லாரையும் இரண்டு தடவை கேட்டுவிட்டேன்.
‘அக்காவுக்கு இன்னிக்கு என்னாச்சு?’ என்றான் தனசீலன்.
தினமும் கேட்பதுதான்.
பதிலுக்கு நின்றது அன்றைக்குத்தான்.

மத்தியானம் தவுக்கேயின் மருமகன் வந்தான், வெய் ஹோங்.
மெஷின் ஸ்லோ என்றான்.
உட்காரக்கூட இல்லை, நின்றபடியே
இருந்த தேடலையெல்லாம் துடைத்துப்போட்டான்.
நீரோட்டம் போனது, செருப்பு போனது,
நான் பார்த்த நகைக் கடனும் போனது.
இனி அந்தக் கேள்வி
என் ஒருத்தியிடம் மட்டும்.

சாயங்காலம் மோட்டாரில் ஜெலுத்தோங் திரும்பினேன்.
பதினோரு வருஷமாக இதே பாலம்,
காற்று தோளைப் பிடித்துத் தள்ளும்,
ஹேண்டிலில் இருக்கும் கண் அசையாது.
அன்றைக்கு அசைந்தது.
கீழே ஒரு மீன்படகு,
விளக்குப் போடாமல், அவசரமில்லாமல்.
உயரம் எவ்வளவு என்று
கண்ணால் சொல்லத் தெரியவில்லை.
பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான்.

ராத்திரி நாலு பேருக்கும் போன் போட நினைத்தேன்.
போட்டு என்ன கேட்பது?
நாலு பேரின் பெயரையும் வரிசையாகப் பார்த்துவிட்டு
போனைக் கவிழ்த்து வைத்தேன்.

காலையில் பஞ்ச் கார்டை எண்ணினேன்.
ஐந்து. என்னுடையதும் சேர்த்து ஐந்து.
துடைத்த மெஷினில் ஒரே ஒரு வரி,
மூன்று இருபதுக்கு:
பூனைக்குட்டி பால் குடிக்கவில்லை என்றால் என்ன செய்வது.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.
சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று
மூக்கு வழியாக வந்தது.
அதே ஆள்தானா, வேறு ஆளா?
எப்படியும் யாரோ ஒருவர்
மூன்று இருபதுக்கு
இன்னொரு உயிரைப் பற்றிக் கேட்டிருக்கிறார்.

பத்து மணிக்கு வெய் ஹோங் வந்தான்.
கார்டு இல்லாதவன்,
ஐந்தில் வராதவன்.
நேற்றெல்லாம் நான் படிக்காமல் விட்ட முகம்.

கையில் கீறல் உண்டா என்று பார்க்கவில்லை.
காலையும் பார்க்கவில்லை.
பசியாறியாச்சா என்று மலாயில் கேட்டேன்.
இதுவரை அவனிடம் கேட்டதே இல்லை.

கதவைப் பிடித்தபடி
கொஞ்ச நேரம் யோசித்தான்.
இன்னும் இல்லை என்றான்.